புதிய வேலைமுறை வரும்பொழுது

காஜாங் என்றதும் பலருடைய நினைவுக்கு முதலில் வருவது சத்தே உணவுதான். ஆனால், ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய வேறொரு சிறப்பும் அந்நகருக்கு உண்டு. 1895-ஆம் ஆண்டில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் என்னும் தோட்டக்காரர்கள் காஜாங்கில் இன்ச் கென்னத் தோட்டத்தின் சில ஏக்கர் நிலத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டனர். மறு ஆண்டில் மலாக்காவில் டான் சாய் யான் என்பவரும் ரப்பர் பயிரிடத் தொடங்கினார். மலாயாவில் விற்பனைக்கென்று ரப்பர் பயிரிடப்பட்ட முதல் இடங்கள் இவையே எனலாம்.

அதற்கு முன் சிலாங்கூர்த் தோட்டங்களில் விளைந்தது காப்பி. பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் வந்து குவிந்ததால் விலை சரிந்தது. இலை தின்னும் புழுக்களும் செடிகளை அழித்தன. ஆகவே, தோட்டக்காரர்கள் காப்பிச் செடிகளுக்கு இடையே ரப்பரை நட்டுப் பார்த்தனர். சில ஆண்டுகளில் காப்பி மறைந்தது; ரப்பர் நிலைத்தது. காப்பிப் பழம் பறித்துப் பழகிய கைகள் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டன.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். ரப்பர்த் தோட்டத் தொழிலே ஒரு பெரிய மாற்றத்தில் பிறந்த தொழில். பிறந்த பின்னரும் அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. விதைக் கன்றுகள் போய் ஒட்டுக் கன்றுகள் வந்தன. புகையூட்டிய ஷீட் ரப்பருக்குத் துணையாகக் கட்டி ரப்பர் வந்தது. பட்டைக்கு மருந்து பூசும் முறை வந்தது. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் நெடுஞ்சாலைகளும் வந்தன.

மாற்றம் வருமா, வராதா என்பது தொழிலாளியின் கையில் இல்லை. ஆனால், அது எவ்வாறு வருகிறது என்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. காரணம் அறிந்து, கேள்வி கேட்டு, செய்து பார்த்து ஏற்றுக்கொள்ளப்பட்ட மாற்றமே தோட்டத்தில் வேரூன்றும். காலைப் பெரட்டில் ஓர் உத்தரவாக மட்டும் அறிவிக்கப்படும் மாற்றம் சில மாதங்களில் வாடிவிடும். இது ஏன் என்பதையும், இதற்கு நிர்வாகத்தாரும் தொழிலாளர்களும் செய்ய வேண்டியவை யாவை என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

காரணம் தெரிந்த கை

பால் மரம் சீவுவோர் அனைவரும் உளியை இடமேலிருந்து வலக்கீழாகவே இழுக்கின்றனர். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்" என்பதே பலருடைய விடையாக இருக்கும். இதற்கு நல்லதொரு காரணம் உண்டு. பட்டைக்குள் ஓடும் பால் குழாய்கள் நேராக மேல்நோக்கிச் செல்வதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. இடமேலிருந்து வலக்கீழாகச் சீவினால் அக்குழாய்கள் மிகுதியாக வெட்டுப்படும். பாலும் மிகுதியாகக் கிடைக்கும். மாறாகச் சீவினால் உழைப்பு அதே அளவாக இருந்தும் பால் குறையும்.

விடியற்காலையில் சீவ வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் மரத்தின் உள்ளே நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது பால் விரைந்து ஓடும். வெயில் ஏறியதும் இலைகள் நீரை வெளிவிடுவதால் அழுத்தம் தணிந்து, பாலும் குறையும். ஆழமாகச் சீவக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய உயிர்ப் படலம் ஒன்று இருக்கிறது. புதிய பட்டையை வளர்ப்பது அதுவே. உளி அதில் பட்டுவிட்டால் அவ்விடத்தில் புண் உண்டாகி, மீண்டும் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும்.

இக்காரணங்களை அறிந்த தொழிலாளி, கங்காணி பார்க்காத வேளையிலும் ஒழுங்காகவே சீவுவார். அறியாதவரோ, மேற்பார்வை இருக்கும் வரை மட்டும் கவனமாக இருப்பார். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக 1888 முதல் 1911 வரை இருந்த ஹென்ரி ரிட்லி, மரத்தைக் கொத்திக் காயப்படுத்தாமல் பழைய வெட்டிலிருந்தே மெல்லிய சீவல் எடுத்துப் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து கண்டறிந்தார். ஒரே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும்பொழுது பால் பெருகுகிறது என்பதை அவர் செய்து பார்த்தே அறிந்தார். ஆராய்ச்சியாளருக்குத் தெரிந்த காரணம் உளி பிடிப்பவருக்கும் தெரிந்திருப்பது நன்மையே ஒழியத் தீமையன்று.

அழுக்கும் விலையும்

1965-ஆம் ஆண்டில் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர்த் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் ரப்பரைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தனர். புதிய திட்டத்தில் ஆய்வுக்கூடச் சோதனையால் தரம் பிரிக்கப்பட்டது. அத்தரங்களின் பெயரோடு வந்த 5, 20 போன்ற எண்கள், ரப்பரில் கலந்திருக்கக்கூடிய அழுக்கின் உச்ச அளவை ஒட்டி எழுந்தவை. எண் குறையக் குறைய ரப்பர் தூய்மையானது.

இதைத் தொடர்ந்து, மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலையும் ஆலையில் நல்ல ரப்பராக்கும் வழி பெருகியது. ஆனால், மங்கில் விழும் பட்டைச் சீவலும் மண்ணும் இலையும் விலையைக் குறைக்கும் பொருளாயின. "மங்கைத் துடை, சீவலைக் களை" என்று கிராணி வற்புறுத்துவதைச் சிலர் வெறும் கெடுபிடி எனக் கருதியிருக்கலாம். அழுக்கு எவ்வளவு, விலை எவ்வளவு என்னும் தொடர்பை ஒரு முறை விளக்கிக் காட்டியிருந்தால், அதே சொல் கெடுபிடியாகத் தோன்றியிருக்காது. விளக்கம் இல்லாத இடத்தில் நல்ல மாற்றமும் அடக்குமுறைபோல் தோன்றும்.

மூன்று நாளுக்கு ஒரு முறை

இனி, தொழிலாளரின் பிழைப்பை நேராகத் தொடும் ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மரத்தை ஒன்றுவிட்டு ஒரு நாள் சீவுவது நெடுங்காலப் பழக்கம். அதை மாற்றி, மூன்று நாளுக்கு ஒரு முறையோ நான்கு நாளுக்கு ஒரு முறையோ சீவி, குறைந்த அளவில் எத்திஃபோன் என்னும் மருந்தைப் பட்டையில் பூசும் முறை பல தோட்டங்களில் கையாளப்பட்டு வருகிறது.

இம்மருந்தின் வேலை யாது? பட்டைக்குள் சென்றதும் அது எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகிறது. சீவிய பின் பால் குழாய்களின் வாய் தானாக அடைபட்டுப் பால் நிற்பது இயல்பு. எத்திலீன் அந்த அடைப்பைத் தாமதப்படுத்துவதால் பால் நெடுநேரம் ஓடுகிறது. 1960-களின் இறுதியில் ஆராய்ந்து காணப்பட்ட இம்முறை 1970-களில் தோட்டங்களுக்கு வந்தது. தொடக்கத்தில் மருந்தை மிகுதியாகப் பூசி, அடிக்கடியும் சீவிய இடங்களில் சிறிது காலம் பால் பெருகிப் பின்னர் மரங்கள் வற்றின. ஆகவேதான், மருந்தும் குறைவாக, வெட்டும் குறைவாக என்னும் முறை வலியுறுத்தப்பட்டது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் சீவத்தக்க மரங்கள் 30,000 என்றும், ஒருவர் ஒரு நாளில் 500 மரங்கள் சீவுகிறார் என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்றுவிட்டு ஒரு நாள் முறையில் நாள்தோறும் 15,000 மரங்களைச் சீவ வேண்டும். அதற்கு 30 பேர் தேவை. மூன்று நாளுக்கு ஒரு முறையென்றால் நாள்தோறும் 10,000 மரங்கள்; அதற்கு 20 பேர் போதும்.

நிர்வாகி இக்கணக்கைப் பார்க்கும்பொழுது, ஆள் பற்றாக்குறை தீர வழி பிறந்தது என்று மகிழ்வார். தொழிலாளி பார்க்கும்பொழுது ஒரே ஒரு கேள்விதான் எழும்: மீதிப் பத்துப் பேர் எங்கே போவது?

இரு பார்வைகளும் தவறில்லை. வெட்டுக்கு வெட்டு மரம் ஓய்வு பெறுவதால், ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பால் கூடுகிறது. பட்டை மெதுவாகச் செலவாகிறது. மாதம் 15 முறை சீவிய பட்டையில் இப்பொழுது 10 முறைதான் உளி படுகிறது. மரத்தின் ஆயுள் நீள்கிறது. பால் எடைக்கு ஏற்பக் கூலி பெறுபவருக்கு நாட்கூலி உயரவும் வாய்ப்புண்டு. இவை உண்மையான நன்மைகள். ஆயினும், அந்தப் பத்துப் பேரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் நன்மைகளை மட்டும் எடுத்துரைத்தால், கேட்பவர் மனத்தில் ஐயம்தான் வளரும். ஓய்வு பெறவிருப்பவர்களுக்குப் பதிலாகப் புதியவர்களைச் சேர்க்கப் போவதில்லையா? மறுநடவு வேலைக்கு அவர்கள் மாற்றப்படுவார்களா? சீவ ஆளின்றிக் கிடந்த காட்டைச் சீவ அனுப்பப்படுவார்களா? விடை எதுவாயினும் அது முதல் நாளிலேயே கூறப்பட வேண்டும்.

அஞ்சுவது பிடிவாதம் ஆகாது

புதியதை ஏற்கத் தயங்கும் தொழிலாளியைப் பிடிவாதக்காரர் என்று முத்திரை குத்துவது எளிது. ஆனால், அவருடைய தயக்கத்துக்கு அடியில் பெரும்பாலும் மூன்று அச்சங்கள் இருக்கும். கூலி குறைந்துவிடுமோ என்பது முதலாவது. இத்தனை ஆண்டுப் பழக்கத்தால் வந்த கைத்திறன் மதிப்பிழந்து, நேற்று வந்தவர் முன் தாம் கற்றுக்குட்டி ஆகிவிடுவோமோ என்பது இரண்டாவது. வேலையே போய், வேலையோடு வீடும் போய்விடுமோ என்பது மூன்றாவது. தோட்டத்து லயத்தில் குடியிருப்பவருக்கு வேலையும் வீடும் பிள்ளைகளின் பள்ளியும் கோயிலும் ஒரே கயிற்றில் கட்டுண்டவை. நகரத் தொழிலாளியைவிட அவர் மிகுதியாக அஞ்சுவதில் வியப்பில்லை.

இவ்வச்சத்தை எவ்வாறு தணிக்கலாம் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை நல்ல பாடமாகும். வர்ஜினியா மாநிலத்தில் ஹார்வுட் என்னும் நிறுவனம் இரவு உடைகள் தைக்கும் தொழிற்சாலை ஒன்றை நடத்தியது. அங்குள்ளோர் நம் தோட்டங்களில் எடைக்கு ஏற்பக் கூலி பெறுவதைப் போல், செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெற்றனர். வேலைமுறை மாற்றப்பட்டபொழுதெல்லாம் உற்பத்தி சரிந்தது, பலர் விலகினர். கோச், பிரெஞ்சு என்னும் ஆய்வாளர் இருவர் இதை ஆராய்ந்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டனர்.

அவர்கள் தொழிலாளர்களைக் குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு, போட்டியின் காரணமாக வேலைமுறை மாறுகிறது என்று அறிவித்து, புதிய கூலி விகிதத்தையும் கூறினர், அவ்வளவே. இன்னொரு குழு தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, புதிய முறையை வகுப்பதில் அவர்களைப் பங்கு கொள்ளச் செய்தது. வேறு இரு குழுக்களில் அனைவருமே கூடிப் பேசி முறையை வகுத்தனர். முதற்குழுவில் உற்பத்தி சரிந்தது சரிந்தபடியே நின்றது. 40 நாளில் நூற்றுக்கு 17 பேர் வேலையை விட்டனர். அனைவரும் பங்கு கொண்ட குழுக்களிலோ உற்பத்தி விரைவில் பழைய நிலையை எட்டி, நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு உயர்ந்தது, ஒருவரும் விலகவில்லை.

இதனினும் முக்கியமான செய்தி பின்னர் நடந்ததாகும். முதற்குழுவில் எஞ்சியிருந்தவர்களைச் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் ஒன்றுசேர்த்து, மற்றொரு மாற்றத்தை இம்முறை அவர்களோடு கலந்து பேசியே புகுத்தினர். அவர்களும் விரைவில் தேறி முன்னேறினர். ஆட்கள் அதே ஆட்கள்தாம்; மாறியது, மாற்றம் கொண்டுவரப்பட்ட விதம் மட்டுமே. முதலில் ஏற்பட்ட தோல்விக்கு அவர்களுடைய குணம் காரணமன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

நிர்வாகத்தார் கடமை

மாற்றத்தைப் புகுத்த விரும்பும் நிர்வாகம் முதலில் காரணத்தைக் கூற வேண்டும். ரப்பர் விலை, ஆள் பற்றாக்குறை, மரத்தின் வயது ஆகியவற்றுள் எது காரணமோ அதை மறைக்காமல் எடுத்துரைப்பதே நலம். உண்மை கசப்பாக இருந்தாலும், லயத்தில் உலவும் வதந்தியைவிட அது தீங்கு குறைந்தது.

இரண்டாவதாக, தோட்டம் முழுவதிலும் ஒரே நாளில் தொடங்காமல், ஒரு காட்டில் சில மாதங்கள் செய்து பார்க்கலாம். நன்றாகச் சீவத் தெரிந்த, மற்றவர் மதிக்கும் தொழிலாளர் சிலரை அதில் ஈடுபடுத்த வேண்டும். பழைய முறையில் கிடைத்த பாலையும் புதிய முறையில் கிடைத்த பாலையும், இரண்டுக்கும் உரிய கூலியையும் அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் வாரந்தோறும் எழுதி வைக்கலாம். ஆயிரம் சொற்பொழிவுகளைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டு தெளிவாகப் பேசும்.

மூன்றாவதாக, பழகும் காலத்தில் கூலி குறையாமல் பாதுகாக்க வேண்டும். புதிய முறையில் கை பழகச் சில வாரங்கள் ஆகும். அவ்வாரங்களின் இழப்பைத் தொழிலாளியே தாங்க வேண்டும் என்றால், அவர் பழைய முறைக்குத் திரும்பத் துடிப்பது இயல்பே.

நான்காவதாக, விளக்கம் கேட்பவருடைய மொழியில் இருத்தல் வேண்டும். இன்றைய தோட்டங்களில் தமிழரும் மலாய்க்காரரும் மட்டுமின்றி, இந்தோனேசியா, வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரும் உழைக்கின்றனர். புரியாத மொழியில் வாசிக்கப்படும் அறிக்கை வாசிக்கப்படாததற்கே ஒப்பாகும்.

ஐந்தாவதாக, தொழிலாளி கூறுவதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். மருந்து மிகுந்து போனதை முதலில் அறிபவர் அலுவலகத்தில் இருப்பவர் அல்லர். பால் வழக்கத்தைவிட நெடுநேரம் சொட்டுவதையும், வெட்டின் ஒரு பகுதி காய்ந்து நிற்பதையும், பட்டை பழுப்பேறுவதையும் நாள்தோறும் மரத்தின் முன் நிற்பவரே காண்கிறார். "இந்த நிரையில் பத்து மரம் வற்றிவிட்டது" என்று அவர் சொன்னால் அது குறைகூறல் அன்று. தோட்டத்தைக் காக்கும் செய்தி. அவரை ஏசி அனுப்பினால், மறுமுறை அவர் வாய் திறக்கமாட்டார். இழப்பு தோட்டத்துக்கே.

தொழிலாளர் கேட்க வேண்டியவை

மறுபுறம், தொழிலாளர்களுக்கும் கடமை உண்டு. அறிவிப்பு வந்த மறுகணமே "முடியாது" என்பதும், வாய் பேசாமல் தலையசைத்துவிட்டு லயத்துக்கு வந்து முணுமுணுப்பதும் பயனற்றவை. இரண்டுக்கும் நடுவில் நல்ல வழி ஒன்று உண்டு. அது கேள்வி கேட்பதாகும். புதிய முறை எதுவாயினும் பின்வரும் கேள்விகளைப் பணிவோடும் தெளிவோடும் கேட்கலாம்.

ஒன்று: இம்மாற்றத்துக்குக் காரணம் என்ன?

இரண்டு: என் கூலி எப்படிக் கணக்கிடப்படும்? ஒவ்வொரு வெட்டிலும் பால் கூடும் என்கிறீர்கள். அப்படிக் கூடினால், கூலிக்கு உரிய அளவுப் பாலையும் உயர்த்திவிடுவீர்களா? இக்கேள்வி மிக முக்கியமானது. அளவு உயர்த்தப்பட்டால், கூடிய பாலின் நன்மை தொழிலாளியின் பைக்கு வந்து சேராது.

மூன்று: மழை நாளில் என்ன செய்வது? வெட்டுக்கு மேல் பிளாஸ்டிக் மழை மறைப்புக் கட்டப்படுமா? அவ்வாறு கட்டினால் வேலை நாட்கள் கூடும்.

நான்கு: எத்தனை பேருக்கு வேலை குறையும்? அவர்களுக்கு வேறு என்ன வேலை?

ஐந்து: கற்றுக்கொடுப்பவர் யார்? எத்தனை நாள்? அந்நாட்களுக்குக் கூலி உண்டா?

ஆறு: முறை சரிப்படவில்லை என்றால் எப்பொழுது, யாரோடு மீண்டும் பேசுவது?

விடைகளை ஒருவர் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. தனியாகக் கேட்கத் தயங்குவோர் தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளைச் செயலவையின் வாயிலாகக் கேட்கலாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. கூலியைத் தொடும் எந்த மாற்றமும் கூட்டு ஒப்பந்தத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக் கூறுவது சங்கத்தின் பணியாகும். இதனுடன், குறைந்தபட்ச சம்பளச் சட்டத்தையும் மறந்துவிடலாகாது. 2013-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளியாக நடைமுறைக்கு வந்த அச்சம்பளம், 2025-ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வேலைமுறை எவ்வளவு மாறினாலும், சட்டம் விதித்த அளவுக்குக் கீழே சம்பளம் இறங்கக்கூடாது.

சட்டம் தரும் காப்பு

சில மாற்றங்கள் வேலையையே பறிப்பனவாக இருக்கும். அப்பொழுது துணை நிற்பன சட்டமும் நெறிமுறையும் ஆகும்.

1975-ஆம் ஆண்டில் தொழில் அமைச்சின் முயற்சியால் முதலாளிமார் தரப்பும் தொழிற்சங்கத் தரப்பும் தொழில் இணக்க நடத்தை நெறி ஒன்றை ஏற்றுக்கொண்டன. ஆட்குறைப்புக்கு முன் செய்யத்தக்கவற்றை அது எடுத்துரைக்கிறது. புதிய ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்துதல், மிகைநேர வேலையையும் ஓய்வுநாள் வேலையையும் குறைத்தல், வேறு வேலைக்கு மாற்றுதல், மறுபயிற்சி அளித்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைத் தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்து பேசியே செய்ய வேண்டும் என்றும், தவிர்க்க முடியாமல் ஆட்குறைப்பு நேர்ந்தால் கூடியவரை முன்கூட்டியே எச்சரிக்கை தர வேண்டும் என்றும் அந்நெறி கூறுகிறது.

வேலை நிறுத்த முன்னறிவிப்புக் காலம் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஒப்பந்தத்தில் வேறு காலம் குறிக்கப்படாத இடத்திலும், ஆட்குறைப்பின்போதும் இக்கணக்கைக் கொள்ள வேண்டும்: 2 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 4 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு 6 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலுமான சேவைக்கு 8 வாரம். இழப்பீட்டுத் தொகை 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அமையும். ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து உழைத்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் இவ்வாறு கணக்கிடப்படும்: 2 ஆண்டுக்குக் குறைந்த சேவையாயின் 10 நாள் சம்பளம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள், 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். எடுத்துக்காட்டாக, 12 ஆண்டு உழைத்த ஒருவருக்கு 240 நாள் சம்பளம் சேர வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தாமாக விலகுவதாக எழுதிக் கொடுத்தவருக்கு இவ்விதிமுறைகளின்படி இழப்பீடு கிடைக்காது. கோபத்திலோ, அவசரத்திலோ, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாராமலோ எந்தத் தாளிலும் கையொப்பமிடலாகாது. சங்கத்திடமோ தொழில் இலாகாவிடமோ காட்டி, பொருள் புரிந்துகொண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும்.

தோட்டம் கைமாறும்பொழுதும் சட்டம் துணை செய்கிறது. புதிய உரிமையாளர், மாற்றம் நடந்த 7 நாட்களுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளோடு வேலை தர முன்வர வேண்டும். அவ்வாறு முன்வராவிட்டால் தொழிலாளி இழப்பீட்டுக்கு உரியவராகிறார். முன்வந்தும், தக்க காரணமின்றி மறுப்பவருக்கு அவ்வுரிமை இல்லை.

வேலை இழந்த மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2018-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டமும் உண்டு. சொக்சோ நிறுவனம் நடத்தும் இத்திட்டத்தில், வேலை தேடும் காலத்துக்கான உதவித்தொகையும் பயிற்சியும் கிடைக்கும். வேலை இழந்த 60 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை நினைவில் இருத்துதல் அவசியம்.

தோட்டமே மாறும்பொழுது

காஜாங்குக்கு அருகில் பெராங் பெசார் என்னும் தோட்டம் இருந்தது. 'பெரும் போர்' என்பது அப்பெயரின் பொருள். முதல் உலகப் போரில் பணியாற்றிய அதிகாரிகள் சிலர் 1921-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினர். அங்கு ஆராய்ந்து உருவாக்கப்பட்ட ஒட்டு ரகங்கள் பி.பி. என்னும் எழுத்துகளோடு உலகெங்கும் சென்றன. பி.பி. 86, பி.பி. 260 ஆகிய பெயர்களைக் கேளாத ரப்பர்த் தோட்டம் அரிது. பிற நாட்டுத் தோட்டங்களிலும் இன்று அந்த மரங்கள் நிற்கின்றன. அவை பிறந்த தோட்டமோ இன்றில்லை. 1995-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பட்ட புத்ராஜெயா நகரம் அந்நிலத்தில் எழுந்துள்ளது.

பெராங் பெசார், கேலவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் டிங்கிலிலுள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளில் குடியேற்றப்பட்டன. பின்னர் அக்கட்டடங்களில் விரிசல் கண்டது. தரைவீடு வேண்டும் என்னும் அவர்களுடைய கோரிக்கை இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. நாட்டுக்குப் புதிய தலைநிர்வாக நகரம் தேவைப்பட்டதை எவரும் மறுக்கவில்லை. ஆனால், வீடு எங்கே, எத்தகையது, எப்பொழுது என்னும் கேள்விகளுக்கு முதலிலேயே உறுதியான விடை எழுத்தில் இல்லாவிட்டால், ஒரு மாற்றத்தின் சுமை அடுத்த தலைமுறையின் தோளிலும் ஏறுகிறது என்பதற்கு இது சான்றாகும்.

இன்று தோட்டத்தில் பணிபுரிவோர் இதிலிருந்து அறிய வேண்டியது யாதெனில், மாற்றம் வெறும் பேச்சாக இருக்கும் காலத்திலேயே கேள்விகளை எழுப்ப வேண்டும் என்பதாகும். தோட்டம் மறுநடவு செய்யப்படப் போகிறதா, செம்பனைக்கு மாறப் போகிறதா, விற்கப்படப் போகிறதா என்பதை ஆண்டுதோறும் நிர்வாகத்தாரிடம் கேட்டறிவதில் தவறில்லை. 1970-களின் இறுதியில் நாட்டில் ஏறத்தாழ 20 இலட்சம் எக்டர் பரப்பில் ரப்பர் நின்றது. இன்று அதில் ஏறத்தாழ பாதியே உள்ளது. செம்பனையோ 50 இலட்சம் எக்டருக்கு மேல் பரவியுள்ளது. இந்நிலையில், சீவும் திறனோடு வேறொரு திறனையும் கற்று வைத்திருப்பவர், மாற்றம் வரும்பொழுது பிறர் முடிவுக்காகக் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒட்டுக் கட்டுதல், நாற்றங்கால் வேலை, இயந்திரம் ஓட்டுதல், ஆலை வேலை என எதுவாயினும் வாய்ப்புக் கிடைக்கும்பொழுது கற்றுக்கொள்வது நலம்.

இணைந்து செய்வோம்

1925-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் சோதனைக் காடுகளைச் சுங்கை பூலோவில் வளர்த்தது. பின்னாளில் சுங்கை பூலோவையும் காஜாங்கையும் ஒரே துரித ரயில் பாதை இணைத்தது. 2017-ஆம் ஆண்டு ஜூலையில் அது முழுமையாகத் திறக்கப்பட்டது. ஒரு முனையில் ஆராய்ச்சியும் மறு முனையில் முதல் தோட்டமுமாக இருந்த அவ்வூர்களை அறியாமலே மக்கள் அதில் நாள்தோறும் பயணம் செய்தனர்.

ஆராய்ச்சியாளரின் அறிவும் நிர்வாகத்தாரின் திட்டமும் உளி பிடிப்பவரின் அனுபவமும் அவ்வாறே இணைக்கப்பட வேண்டியவை. காரணத்தைக் கூறுவதால் நிர்வாகத்தின் மதிப்புக் குறைந்துவிடாது. கேள்வி கேட்பதால் தொழிலாளியின் பணிவும் குறைந்துவிடாது. அடுத்த முறை பெரட்டில் புதிய முறை ஒன்று அறிவிக்கப்படும்பொழுது, மேலே கண்ட ஆறு கேள்விகளையும் நினைவில் கொள்ளுங்கள். கேட்டு, தெளிந்து, ஒரு காட்டில் செய்து பார்த்து, பின்னர் முழு மனத்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள். அவ்வாறு ஏற்கப்படும் முறையால் தோட்டமும் வாழும். தொழிலாளர் குடும்பங்களும் வாழும்.